வெள்ளீயம் இல்லாத சமவெளி

கோட்டை கட்டும் கணினி விளையாட்டுகளில் உலோகங்கள் பெரும்பாலும் படிக்கட்டு வரிசையில் வருகின்றன. கீழ்ப்படியில் செம்பு, அடுத்து வெண்கலம், அதற்கு மேலே இரும்பு, உச்சியில் எஃகு. ஆடுபவர் ஒரு படி ஏறியதும் முந்தைய படியின் வாளும் கவசமும் செல்லாக்காசாகிவிடும். இந்த வரிசையை விளையாட்டு உருவாக்கியவர்கள் தாங்களாகக் கண்டுபிடிக்கவில்லை. கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தின் பழம்பொருள்களை ஒழுங்குபடுத்திய கிறிஸ்டியன் தாம்சென், 1836இல் வெளிவந்த கையேட்டில் கற்காலம், வெண்கலக் காலம், இரும்புக் காலம் என்று வகுத்தார். டென்மார்க்கின் புதைகுழிகளுக்கு அந்த வகுப்பு பொருந்தியது. பிறகு உலகத்துப் பாடநூல்களிலெல்லாம் அது இடம்பிடித்தது. சேலம், நாமக்கல் சமவெளியில் கிடைக்கும் சான்றுகளை வைத்துப் பார்த்தால் இந்தப் படிக்கட்டு நிற்காது என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். எந்த உலோகத்தைக் கையில் எடுப்பது என்பதை இங்கே முடிவு செய்தவை காலடியில் கிடந்த கல், சுற்றிலும் நின்ற காடு, செய்யப்போகும் பொருளின் வேலை ஆகிய மூன்றும்தான். உலோகத்தின் கடினத்தன்மை நான்காவது இடத்தில்தான் வருகிறது.

ஆடம்ஸ் சகோதரர்கள் 2006இல் வெளியிட்ட ‘டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ்’ என்ற விளையாட்டு இந்த உண்மையை மற்றவற்றைவிட நன்றாகவே புரிந்துகொண்டிருக்கிறது. அதில் ஆராய்ச்சி செய்து உலோகத்தைத் ‘திறக்க’ முடியாது. குடியேறும் நிலத்தின் பாறையில் எது இருக்கிறதோ அதுதான் கிடைக்கும். மேக்னடைட் இருந்தால் இரும்பு. செம்புக் கனிமத்தோடு கேசிட்டரைட் என்ற வெள்ளீயக் கனிமமும் இருந்தால் வெண்கலம். இரும்போடு கரியும் சுண்ணாம்புக்கல்லும் சேர்ந்தால் எஃகு. அந்த விளையாட்டின் கோட்டையைச் சங்ககிரி மலையில் நிறுவுவதாக வைத்துக்கொள்வோம். அருகிலேயே கஞ்சமலையில் மேக்னடைட்டும் குவார்ட்சும் பட்டை பட்டையாகக் கலந்த பாறை இருக்கிறது. வில்லியம் கிங்கும் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் எழுதி 1864இல் வெளியான நிலவியல் அறிக்கை, கஞ்சமலையோடு கோதுமலை, கொல்லிமலை, தீர்த்தமலைப் பகுதிகளின் இரும்புப் பாறைகளையும் விவரிக்கிறது. பிற்காலத்தில் சிமென்ட் ஆலை வருமளவுக்குச் சங்ககிரி வட்டாரத்தில் சுண்ணாம்புக்கல் கிடந்தது. சேர்வராயன், கொல்லி மலைகளில் விறகுக்குப் பஞ்சமில்லை. வெள்ளீயம் மட்டும் இல்லை. இந்தியாவுக்குள் அது குறிப்பிடத்தக்க அளவில் கிடைக்கும் இடம் சத்தீஸ்கரின் பஸ்தர். அதை விட்டால் கடல் தாண்டி மலாய்த் தீபகற்பம். செம்புக்கும் வடக்கே கர்நாடகத்தின் சித்திரதுர்க்கா பக்கமோ ஆந்திரத்துக்கோ போக வேண்டும். ஆக, நிலத்தை மட்டும் பார்த்தால் இந்தக் கோட்டை முதல் நாளிலிருந்தே இரும்புக் கோட்டை.

‘வெண்கலத்தைவிட இரும்பு வலியது, ஆகவே அது கிடைத்தவர்கள் அதைத் தேர்ந்தெடுத்தார்கள்’ என்ற விளக்கம் இங்கே எளிதாக வந்து ஒட்டிக்கொள்ளும். அது தவறு. விக்கர்ஸ் என்ற கடினத்தன்மை அளவுகோலில் கரிமம் ஏறாத தேனிரும்பு ஏறத்தாழ 100 காட்டும். பத்தில் ஒரு பங்கு வெள்ளீயம் கலந்த வெண்கலத்தை வார்த்தபடியே அளந்தாலும் அதே அளவு வரும். அதன் விளிம்பைக் குளிர்ந்த நிலையில் சுத்தியலால் தட்டித் தட்டி இறுக்கினால் 200ஐத் தாண்டிவிடும். வெண்கலம் துருப்பிடித்து உளுத்துப்போகாது. உடைந்தால் உருக்கி மறுபடி வார்க்கலாம். உருகுநிலை 1000 டிகிரி செல்சியஸை ஒட்டியிருப்பதால் சாதாரண மண் உலையே அதற்குப் போதும். சுத்த இரும்பு உருக 1538 டிகிரி வேண்டும். பழைய உலை எதுவும் அந்த வெப்பத்தை எட்டியதில்லை. கூர்மை, உழைப்பு, செய்நேர்த்தி ஆகிய மூன்றிலும் கரிமம் ஏறாத இரும்பு வெண்கலத்துக்குத் தோற்றதுதான். உலகின் பல பகுதிகளில் மனிதர்கள் வெண்கலத்திலிருந்து இரும்புக்கு மாறியதற்குக் காரணம் வேறு. வெண்கலத்துக்குத் தூரதேசத்து வெள்ளீயம் வேண்டும். இரும்புக் கனிமம் ஏறத்தாழ எல்லா நாட்டிலும் கிடக்கிறது. மேம்பட்ட பொருளை விட்டுவிட்டு, தாராளமாகக் கிடைக்கும் பொருளுக்கு இறங்கி வந்த மாற்றம் அது.

தமிழ்நாட்டில் இறங்கி வரவேண்டிய தேவையே ஏற்படவில்லை. தென்னிந்தியத் தொல்லியலில் புதிய கற்காலத்தை அடுத்து நேரே இரும்புக் காலம் வருகிறது; நடுவே தனி வெண்கலக் காலம் என்று ஒன்றைப் பிரித்துக் காட்ட முடிவதில்லை. செம்பும் வெண்கலமும் கிடைக்கின்றன. ஆனால் இரும்புப் பொருள்கள் கிடைக்கும் அதே காலக்கட்டத்து இடங்களில், பல நேரம் அதே ஈமக்குழிகளில் கிடைக்கின்றன. பழைய சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்த கிருஷ்ணகிரிப் பக்கத்து மயிலாடும்பாறையில் இரும்பு கிடைத்த மண்ணடுக்கின் காலம் கி.மு. 2172 என்று தமிழ்நாடு அரசு 2022இல் அறிவித்தது. மேட்டூர் அருகே காவிரிக் கரையோரம் இருக்கும் மாங்காடு, தெலுங்கனூர் ஈமச்சின்னங்களின் வாள்கள் கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டின் நடுப்பகுதியை ஒட்டிய காலக்கணிப்பைத் தந்திருக்கின்றன. இதில் ஓர் ஆட்சேபம் எழும், எழவும் வேண்டும். கரிமக் காலக்கணிப்பு மரம் வளர்ந்த காலத்தைச் சொல்கிறது. கொல்லன் அதை எரித்த காலத்தைச் சொல்வதில்லை. நூறாண்டு நின்ற மரத்தின் வைரத்தைச் சுட்டுக் கரியாக்கியிருந்தால் பொருளின் வயது கூடுதலாகத் தெரியும். ஒன்றிரண்டு மாதிரிகளை மட்டும் வைத்து ஒரு நாட்டின் வரலாற்றை எழுதிவிட முடியாது என்பதும் நியாயமே. இந்த வாதம் ஆண்டுக்கணக்கை நம்பி நிற்கவில்லை. மரத்தின் வயதுக்காகச் சில நூற்றாண்டுகளைக் கழித்துவிட்டாலும், இரும்புக்கு முன்னால் இங்கே ஒரு வெண்கலக் காலம் முளைத்துவிடாது. அதைவிட முக்கியமானது தெலுங்கனூர் வாளின் உள்ளமைப்பு. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது அது கரிமம் மிகுந்த எஃகு என்று தெரிந்தது. ஈமக்குழிகளின் பண்பாட்டிலேயே எஃகும் இருக்கிறது என்றால், இரும்புக்கும் எஃகுக்கும் இடையில் விளையாட்டு வைக்கும் நெடும் இடைவெளி இங்கே சுருங்கிவிடுகிறது.

‘தூரம் ஒரு தடையா? தமிழர் கடல் கடந்து வணிகம் செய்தவர்கள்தானே?’ என்பது இதைவிடக் கடுமையான கேள்வி. செய்தார்கள். வெள்ளீயம் வந்ததற்குச் சான்று வெண்கலமே. ஆதிச்சநல்லூர் தாழிகளிலும் நீலகிரி ஈமச்சின்னங்களிலும் கிடைத்த கிண்ணங்கள் சிலவற்றில் வெள்ளீயம் நூற்றுக்கு 23 பங்கு அளவுக்கு இருப்பதை உலோக ஆய்வாளர் சாரதா சீனிவாசன் காட்டியிருக்கிறார். இவ்வளவு வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம் கண்ணாடியைப் போல நொறுங்கும். அதைச் செந்தழலாகக் காய்ச்சி, சூட்டிலேயே தட்டி மெலிதாக்கி, சட்டென்று தண்ணீரில் அமிழ்த்தினால் நொறுங்கும் குணம் குறைகிறது. மெல்லக் குளிரும்போது உருவாகும் எளிதில் உடையும் படிக அமைப்புக்கு, அந்த வேகத்தில் உருவாக நேரம் கிடைப்பதில்லை. எஃகுக்கோ இதே செயல் நேர்மாறாக வேலை செய்யும். தண்ணீரில் அமிழ்த்திய எஃகு விக்கர்ஸ் அளவில் 600, 700 என்று ஏறிக் கடினமாகும், கூடவே உடையும் குணமும் ஏறும். ஒரே தொட்டித் தண்ணீர் இரண்டு உலோகங்களை இரண்டு திசைகளில் கொண்டுபோகிறது. இரண்டையும் அறிந்த கைகள் இந்த நாட்டில் இருந்தன என்பது என்னை எப்போதும் வியக்கவைக்கும் செய்தி. இருந்தும் அந்த வெண்கலம் எங்கே போனது என்று பாருங்கள். நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் எ. சுப்பராயலுவும் கா. ராஜனும் 1980களில் அகழ்ந்தபோது கிடைத்தது, மணிக்கற்கள் பதித்த ஒரு வெண்கலப் புலி. அதே ஊரில் அம்பும் வாளும் இரும்பு. எஃகு காய்ச்சிய உலையின் தடயமும் அங்கேயே இருக்கிறது. கிண்ணம், புலி, பிற்காலத்தில் மணி, தெய்வத் திருமேனி என்று ஊருக்கு ஒன்றிரண்டு போதும் என்ற பொருள்களுக்கு வெள்ளீயத்தைத் தொலைவிலிருந்து வரவழைக்கலாம். வீட்டுக்கு வீடு வேண்டியதும், ஆண்டுக்காண்டு தேய்ந்துபோவதுமான கொழுவையும் அரிவாளையும் அப்படிச் செய்ய முடியாது. வணிகம் இருந்தது என்பது என் வாதத்தை உடைக்கவில்லை. எந்தப் பொருளுக்கு மட்டும் வணிகம் கட்டுப்படியானது என்பதைக் காட்டுவதால், அதற்குப் பலமே சேர்க்கிறது.

இனி இரும்பு உருவான விதம். கஞ்சமலைப் பாறையில் இரும்பின் பங்கு ஏறத்தாழ மூன்றில் ஒன்று, மீதி பெரும்பாலும் குவார்ட்ஸ். இன்றைய ஊதுலைக்கு இது ஏழைக் கனிமம். பழைய உலைக்காரருக்கு அப்படியில்லை. மழையும் ஓடைகளும் பாறையை அரித்து, லேசான குவார்ட்சைத் தள்ளிக்கொண்டு போய், கனமான கருமணலை மடுக்களில் படியவிட்டன. அதை அள்ளி அலசினால் நல்ல மேக்னடைட் கிடைக்கும். 1800, 1801இல் இந்த நாடுகளைச் சுற்றிவந்த பிரான்சிஸ் புக்கானன் கருமணல் உருக்குவதை நேரில் பார்த்து எழுதிவைத்தார். மண்ணால் எழுப்பிய ஆளுயரத்துக்குள்ளான உலை, ஆட்டுத்தோல் துருத்திகள், அடுக்கடுக்காக மரக்கரியும் கருமணலும். உள்ளே 1200 டிகிரியை ஒட்டிய வெப்பம். இரும்பு அதில் உருகுவதில்லை. மணலோடு வந்த குவார்ட்ஸ் இரும்பு ஆக்சைடின் ஒரு பகுதியோடு கூடி உருகிக் கசடாக வழிகிறது, மீதமுள்ள இரும்பு பஞ்சுபோன்ற கட்டியாகத் தங்குகிறது, அதைச் சூட்டோடு இழுத்துப் போட்டுச் சம்மட்டியால் அடித்துக் கசடைப் பிழிகிறார்கள். எஃகுக்கு விளையாட்டு கட்டாயம் கேட்கும் சுண்ணாம்புக்கல் இங்கே தேவைப்படவே இல்லை. அந்த வேலையை இரும்பே செய்துவிட்டது. அதற்கு விலையாகக் கனிமத்தின் கணிசமான பகுதி கசடோடு போனது. கனிமம் ஓடையில் சும்மா கிடந்த நாட்டில் அந்த நட்டம் பெரிதாகத் தோன்றியிருக்காது. கரியின் செலவுதான் பெரிது. இவ்வகை உலைகளில் ஒரு கிலோ நல்ல இரும்புக்குப் பத்துக் கிலோ கரி போவது சாதாரணம், ஒரு கிலோ கரிக்கு ஐந்தாறு கிலோ விறகு வேண்டும். ஒரு கொழுவுக்குப் பின்னால் ஒரு மரம் நிற்கிறது என்று கொண்டால் மிகையில்லை.

எஃகுக்கான வழியும் விளையாட்டிலிருந்து மாறுபட்டது. விளையாட்டில் முதலில் கரிமம் மிகுந்த வார்ப்பிரும்பு செய்து, பிறகு அதை இரும்போடு கலக்க வேண்டும். சேலம் கொல்லர்கள் தேனிரும்பில் தொடங்கிக் கரிமத்தை ஏற்றினார்கள். இரும்புத் துண்டுகளை ஆவாரங்கட்டையோடு மண் மூசைக்குள் வைத்து, எருக்கிலையால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்து, இருபதுக்குக் குறையாத மூசைகளை ஒரே உலையில் அடுக்கி இரண்டு மூன்று மணி நேரம் துருத்தி ஊதியதை ஜோசையா மார்ஷல் ஹீத் 1839இல் விவரித்தார். காற்றில்லாத மூசைக்குள் கட்டையும் இலையும் கரியாகி, கரிமம் இரும்புக்குள் ஊறுகிறது. நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு ஊறியதும் இரும்பின் உருகுநிலை நூறு டிகிரிக்கும் மேல் இறங்கி, மூசைக்குள் அது உருகத் தொடங்குகிறது. உருகிய பின் கசடு மேலே மிதந்துவிடுவதால், உறையும் கட்டி ஒரே சீராக இருக்கும். ஐரோப்பிய உலைகளில் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் ஷெஃபீல்டுக்காரர் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மேன் செய்யும்வரை உருகிய எஃகு தொழிலாக வளரவில்லை. இந்தியக் கட்டிகள் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்ததும் ஜார்ஜ் பியர்சன் 1795இல் ராயல் சொசைட்டிக்கு ஆய்வுக்கட்டுரை படித்தார். மைக்கேல் ஃபாரடே 1819 தொடங்கி அவற்றைப் பகுத்துப் பார்த்தார். எஃகு என்பது இரும்பிலிருந்து நூறில் ஒரு பங்குக் கரிமத்தால் மட்டும் வேறுபடும் பொருள் என்பதை வேதியியல் அப்போதுதான் மெல்லத் தெரிந்துகொண்டிருந்தது. சேலம் மூசைக்காரர்களுக்குக் கரிமம் என்ற பெயர் தெரியாது. ஆவாரங்கட்டையின் அளவு தெரியும்.

அப்படியானால் எல்லாவற்றையும் எஃகிலேயே ஏன் செய்யவில்லை? ஒரு மூசையிலிருந்து கிடைத்தது ஒரு கிலோவுக்கும் குறைவான கட்டி, அதற்குத் தேனிரும்பு செய்த கரிக்கு மேல் இன்னொரு மடங்கு கரி. கரிமம் அதிகமானதால் கொஞ்சம் சூடு கூடினாலும் சுத்தியலடியில் சிதறும். இவற்றைத் தாண்டிய காரணம், எல்லா வேலைக்கும் கடினம் வேண்டியதில்லை என்பது. கோட்டை இதைத் தெளிவாகக் காட்டும். நாமக்கல் கோட்டை ஒற்றைப் பாறையின் தலையில் நிற்கிறது. அதே பாறையின் இடுப்பில் 8ஆம் நூற்றாண்டில் அதியர் மரபினர் நரசிம்மருக்கும் அரங்கநாதருக்கும் குடைவரைகள் வெட்டினார்கள். இந்தப் பாறையின் ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்சும் எஃகுக்குச் சமமான, சில இடங்களில் அதையும் மிஞ்சிய கடினம் கொண்டவை. உளி பாறையைச் சீவுவதில்லை. படிகங்களைத் தாக்கி நொறுக்குகிறது. நுனி மழுங்காதிருக்க எஃகு வேண்டும், சம்மட்டி விழும் தலை சிதறாதிருக்க மெல்லிய இரும்பு வேண்டும். ஆகவே நுனிக்கு மட்டும் தோய்ச்சல் கொடுத்து, மழுங்கியதும் மறுபடி காய்ச்சித் தட்டுவது வழக்கமானது. கல்தச்சன் இருக்கும் இடத்தில் கொல்லன் உலையும் இருக்க வேண்டியதாயிற்று. எகிப்தியர் எஃகு இல்லாமலே கருங்கல்லை வெட்டவில்லையா என்று கேட்கலாம். வெட்டினார்கள், அஸ்வானில் டோலரைட் உருண்டைகளால் இடித்தும், செம்பு ரம்பத்தோடு மணலிட்டுத் தேய்த்தும் வெட்டினார்கள். (இந்திய எஃகுதான் எகிப்துக்குப் போயிருக்க வேண்டும் என்று ஹீத் ஊகித்தார், அந்த ஊகம் நிற்கவில்லை.) உலோகம் மென்மையாக இருந்த குறையை அரசன் ஆள்பலத்தால் ஈடுகட்டினான். நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் அந்தச் செலவின் பெரும்பகுதியை உளிநுனியின் எஃகு மிச்சப்படுத்தியது.

கோட்டையைத் தாக்கியவர்களின் கையில் இருந்ததையும் பார்க்க வேண்டும். பீரங்கிக்கு வெண்கலமே சிறந்தது. வார்ப்பது எளிது, அளவுக்கு மீறி மருந்திட்டால் முதலில் வீங்கி எச்சரிக்கும். வார்ப்பிரும்பு அப்படி எச்சரிக்காமல் வெடித்துச் சிதறும். விலைதான் கட்டுப்படியாகாது. 17ஆம் நூற்றாண்டுத் தஞ்சாவூர்க் கொல்லர்கள் மூன்றாவது வழியைக் கண்டார்கள்: நீண்ட இரும்புப் பட்டைகளைக் குழாயாக அடுக்கி, மேலே வளையங்களைச் சூட்டோடு இறுக்கி, இன்றும் பீரங்கி மேட்டில் இருக்கும் பெரும் பீரங்கியை உருவாக்கினார்கள். 1792 ஒப்பந்தத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போகும்வரை சேலம் நாட்டைத் தன் வசம் வைத்திருந்த மைசூர், ராக்கெட்டுக்குத் தேர்ந்தெடுத்ததும் மெல்லிய தேனிரும்புத் தகட்டைத்தான். அந்த வேலைக்கு எஃகு தவறான உலோகம். தகடாக அடித்து உருட்டினால் விரிசல் விடும். உள்ளே அழுத்தம் ஏறும்போது நீள்வதற்குப் பதில் உடையும். காகிதக் குழாய் தாங்காத அழுத்தத்தைத் தேனிரும்பு தாங்கியதால் அவை ஐரோப்பிய வாணங்களைவிட வெகுதூரம் பாய்ந்தன. 2018இல் சிமோகா மாவட்டத்து நகரக் கோட்டையின் பழங்கிணற்றிலிருந்து இவ்வகைக் குழாய்கள் ஆயிரத்துக்கு மேல் வெளிவந்தன. விளையாட்டுப் படிக்கட்டில் எஃகுக்குக் கீழே கிடக்கும் உலோகம், வில்லியம் காங்கிரீவ் இங்கிலாந்தில் பின்பற்றிச் செய்துபார்த்த ஆயுதமானது.

கனிமமும் கைத்திறனும் இருந்தும் சேலம் ஏன் ஷெஃபீல்டாகவில்லை என்ற கேள்விக்கு, வெள்ளையர் ஆட்சி நசுக்கியது என்ற பதில் உடனே வரும். வரி, காட்டுச் சட்டம், மலிவான இறக்குமதி எல்லாம் கொல்லனைத் தாக்கியது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆட்சியின் ஆதரவோடு நடந்த முயற்சியும் தோற்றது என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். மதராஸ் அரசுப் பணியிலிருந்த ஹீத், 1830இல் பரங்கிப்பேட்டையில் ஆலை தொடங்கினார். சேலத்துக் கனிமம் காவிரி வழியாகப் பரிசல்களில் கடற்கரைக்கு இறங்கியது. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் காவிரிக் கரைப் பூலாம்பட்டியிலும் ஊதுலை வைத்தார்கள். பரங்கிப்பேட்டை இரும்பு தரத்தில் ஐரோப்பாவின் சிறந்த இரும்போடு நின்றது. உலையோ கரியைத் தின்றது. சுற்றியிருந்த காடு தீரத்தீர, கரி வரும் தூரம் நீண்டது. 1870களுக்குள் எல்லாம் ஓய்ந்துபோயின. இங்கிலாந்து 18ஆம் நூற்றாண்டிலேயே மரக்கரியிலிருந்து நிலக்கரிக் கல்கரிக்கு மாறிவிட்டது. சேலத்தின் பாறையில் நிலக்கரி இல்லை. வெள்ளீயம் இல்லாததால் வெண்கலத்தைத் தவிர்க்கவைத்த அதே நிலம், நிலக்கரி இல்லாததால் பேரளவு எஃகையும் தடுத்தது. ஹீத் இங்கிலாந்து போய், எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டின் எஃகு அதனால் மலிந்தது. பலனில் பெரும்பங்கு அவருக்குக் கிடைக்காமல் வழக்கிலேயே காலம் போயிற்று.

கஞ்சமலையை வைத்து உருக்காலை வேண்டும் என்ற நெடுநாள் கோரிக்கைக்குப் பின் 1970இல் அடிக்கல் நாட்டப்பட்ட சேலம் உருக்காலை, 1982இல் உற்பத்திக்கு வந்தபோது அதில் கஞ்சமலைக் கல் ஒன்றுகூட இல்லை. வெளியிலிருந்து வந்த துருப்பிடிக்காத எஃகைக் குளிர்நிலையில் மெலிதாக்கித் தகடாக உருட்டும் ஆலை அது. உருக்கும் பிரிவு 2010இல்தான் சேர்ந்தது. சமையலறைப் பாத்திரங்களுக்குப் பெயர்பெற்ற வகைத் துருப்பிடிக்காத எஃகில் நூற்றுக்கு 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல். குரோமியத்தின் கனிமம் ஒடிசாவின் சுகிந்தாவில் கிடைக்கிறது. நிக்கல் கப்பலில் வருகிறது. ரயிலும் துறைமுகமும் தூரத்தின் செலவைக் குறைத்துவிட்டதால், மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தன் காலடிக் கல்லால் உலோகத்தைத் தேர்ந்த இந்தச் சமவெளி, தன்னிடம் இல்லாத உலோகத்தைக் கடல் கடந்து வாங்கிக் கலக்கும் ஊராகிவிட்டது. தாம்சென் வகுத்த வரிசையில் இரும்புக்கு முன்னால் வைத்திருந்த வெண்கலக் காலத்தின் பொருளாதாரம் சேலத்துக்கு வந்து சேர்ந்தது 1982இல்.